யார் வீட்டுப் பையன்?

சட்டப் படிப்பை முடித்த பையன் ஒருவனை அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜூனியராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது விண்ணப்பம். வக்கீல் நல்லவர், காப்பி கொடுத்து உபசரித்தார். பையனின் மதிப்பெண்ணைக் கேட்கவில்லை, எந்தச் சட்டத்தில் பிரியம் என்றும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, இது யார் வீட்டுப் பையன்?" என்றார்.

திருநெல்வேலிச் சீமையில் இந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவன் அப்பா ஸ்ரீவைகுண்டம் பக்கம் கூலிக்கு வாழைத்தார் சுமப்பவர். பையனே அதைச் சொன்னான். "பார்த்துச் சொல்லி அனுப்புகிறேன்" என்றார் வக்கீல். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கல்லூரிகளில் 'பிளேஸ்மெண்ட் செல்' என்று ஒன்று வைத்திருக்கிறார்களே, அது எதற்கு என்று கேட்பீர்கள். பெங்களூர் தேசிய சட்டப் பள்ளி போன்ற இடங்களில் அதற்கு வேலை உண்டு; பம்பாய், டெல்லிப் பெரிய சட்டக் கம்பெனிகள் வாசலுக்கே வந்து ஆள் பொறுக்குகின்றன. அதைப் பார்த்து நாமும் ஒரு பெயர்ப்பலகை மாட்டி, ஒருவரை வரவழைத்துச் சால்வை போர்த்தி, பயோடேட்டா எழுதும் விதத்தைப் பற்றிச் சொற்பொழிவு நடத்தினால் என்ன பயன்? தாமிரபரணிக் கரைக்கு எந்தக் கம்பெனி வரப்போகிறது? இங்கே வேலை கோர்ட்டில் இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகும் வழி சீனியர் வீட்டு மாடிப்படி.

வேறு வழியும் இல்லை. ஜவுளிக் கடைக்காரர் நோட்டீஸ் அடிக்கலாம். வக்கீல் அடிக்கக் கூடாது. பார் கவுன்சில் விதி 36 அதைத் தடுக்கிறது. தடுப்பது நியாயந்தான். ஆனால் கட்சிக்காரனைக் கூவி அழைக்க முடியாத தொழிலில், அப்பாவோ மாமாவோ வக்கீலாக இல்லாதவன் என்ன செய்வான்? வ.உ.சி.யைப் பார் என்று உற்சாகப்படுத்துகிறவர்கள், அவருடைய தகப்பனார் உலகநாத பிள்ளையும் வக்கீல்தான் என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

சட்டம் தன் பங்குக்கு வாசலைக் கொஞ்சம் திறந்துதான் வைத்திருக்கிறது. பதிவுக் கட்டணமாக 750 ரூபாய்க்கு மேல், தாழ்த்தப்பட்டோரிடமும் பழங்குடியினரிடமும் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதற்கு முந்தைய மாதம் சென்னை ஹைகோர்ட், ஜூனியருக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தர வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் சேர்த்துக்கொள்ளவே மறுக்கப்பட்டவனுக்கு அந்தப் பதினைந்தாயிரம் எங்கிருந்து வரும்? 2025 மேயில் வந்த தீர்ப்போ, சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருஷம் தொழில் செய்திருக்க வேண்டும் என்றது. அதற்குப் பத்து வருஷ அனுபவமுள்ள வக்கீலின் சான்றிதழைக் காட்டலாமாம். மறுபடியும் அதே மாடிப்படி!

திருநெல்வேலியில் அரசு சட்டக் கல்லூரி 1996-இல் வந்தது. அதில் படித்தவர்களைத் தென்காசியிலும் அம்பாசமுத்திரத்திலும் தூத்துக்குடியிலும் தேடிப் பிடிப்பது பெரிய காரியமா? எந்த வக்கீல் ஜூனியர் எடுப்பார், என்ன கொடுப்பார், போன வருஷம் போனவன் ஏன் திரும்பி வந்தான் என்று கல்லூரி ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்து எல்லாருக்கும் காட்டட்டும். மூன்று வருஷப் படிப்புக்குப் பன்னிரண்டு வாரம், ஐந்து வருஷப் படிப்புக்கு இருபது வாரம் பயிற்சி வேண்டும் என்று பார் கவுன்சில் விதித்திருக்கிறது. இதையும் மாணவனின் உறவுக்காரர்களிடம் விடாமல், கல்லூரியே சீட்டுக் குலுக்கிப் போட்டு அனுப்பலாமே.

"கட்சிக்காரர் ரகசியம் புழங்கும் இடம், தெரிந்த பையனாக இருந்தால் நல்லதுதானே" என்பார்கள் வக்கீல்கள். இருக்கட்டும். சீட்டில் வந்த பையன் பன்னிரண்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்தால் தெரிந்த பையனாகிவிட மாட்டானா? அதுகூட வேண்டாம், ஒரு பிராது எழுதச் சொல்லிப் பார்க்கலாம். நான் அழைத்துப் போன பையன் தானே எழுதிய பிராது ஒன்றைப் பையில் வைத்திருந்தான். வக்கீல் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. திரும்பும்போது பஸ்ஸில்தான் எடுத்துக் காட்டினான்.