அரெசிபோவுக்கு மாற்று எது?

2020 டிசம்பர் 1 அன்று புவர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கி இடிந்தது. 305 மீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தின் மேல் தொங்கிய ஏறத்தாழ 900 டன் மேடை, வடங்கள் அறுந்து கிண்ணத்தின் மீதே வீழ்ந்தது. அதே பள்ளத்தில் அதே கிண்ணத்தை மீண்டும் கட்டவேண்டும் என்ற குரல் உடனே எழுந்தது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2022இல் அதை மறுத்து, அவ்விடத்தில் கல்வி மையம் அமைக்கத் தீர்மானித்தது. பழையதை மறுபடி கட்ட மறுத்தது சரி. மாற்றே தேவையில்லை என்பதுபோல் விட்டதுதான் பிழை.

பரப்பளவு இன்று பேரிழப்பன்று. சீனத்தில் 500 மீட்டர் கிண்ணம் இயங்குகிறது. ஆனால் அது கேட்க மட்டுமே வல்லது. அரெசிபோ பேசவும் செய்தது: ஆற்றல்மிக்க ரேடார் அலையை அனுப்பி, சிறுகோள்களிலிருந்து திரும்பும் எதிரொலியால் அவற்றின் பாதையையும் வடிவையும் அளந்தது. (‘நோக்கி’ என்ற சொல் இக்கருவிக்கு என்றுமே பொருந்தியதில்லை, கிண்ணத்தின் உருவமே கருவி என்று எண்ணவைப்பதில் அச்சொல்லுக்கும் பங்குண்டு.) 2021இல் அறிவியலாளர் முன்வைத்த வடிவமைப்பு இதை உணர்ந்திருந்தது: ஒரே பெரிய கிண்ணத்திற்குப் பதிலாக, சாய்க்கத்தக்க தளத்தில் நெருக்கமாக அமைந்த பல சிறு தட்டுகள். தலைக்கு மேலுள்ள வானத்தின் சிறு பகுதியை மட்டுமே எட்டிய பழைய கருவியின் குறையும் அதில் நீங்கும்.

இவ்வகைச் சிந்தனை நமக்குப் புதிதன்று. சான்பாடாவிலிருந்து தானே சென்று வண்டி மாறினால் எட்டிவிடும் கல்யாணில், ஆஸ்திரேலியாவின் பாட்ஸ் ஹில்லில் பயன்பாடு முடிந்த 32 சிறு தட்டுகளைக் கொண்டு 1965இல் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் சூரியனை ஆய்ந்தனர். அடுத்து ஊட்டி. அங்கே மலைச்சரிவே வடிவமைப்பின் பாதி. சரிவின் கோணம் அவ்விடத்தின் அட்சரேகையான ஏறத்தாழ 11 பாகைக்கு ஒத்திருந்ததால், 530 மீட்டர் நீளக் கருவியின் அச்சு புவியச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே சுழற்சியால் ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் தொடர முடிந்தது. பின்னர் நிலநடுக்கோட்டில் எழுப்ப எண்ணிய மாபெரும் கருவி கைகூடவில்லை. அதன் சிற்றுருவைக் கட்டி ஆறுதல் கொள்ளாமல், வேறு கேள்விகளுக்கு வேறு உருவம் தேடினர். நாராயண்காவ் அருகே கோடாடில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகள் எழுந்தன.

ஊட்டிக் கருவிக்கு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. சதுர கிலோமீட்டர் அணி என்னும் பன்னாட்டுத் திட்டத்திற்கு 2024 தொடக்கத்தில் இந்தியா 1,250 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது; நல்ல முடிவுதான். எனினும் பல நாட்டவர் நேரம் கேட்டு வரிசையில் நிற்கும் கருவி அது. ஊட்டி பல்லாண்டுகளாகச் செய்துவரும் சூரியக் காற்றுக் கண்காணிப்புக்கு அங்கே எத்தனை மணி நேரம் ஒதுக்கப்படும்? பழைய கருவியின் வடங்கள் தளரும் முன்பே வடிவமைப்பு மேசையில் வைக்கவேண்டிய கேள்வி இது. அரெசிபோவில் அது இடிபாடுகளின் நடுவில்தான் எழுந்தது.