இழுத்தால் மாறும் எண்

கணினித் திரையில் ஓர் எண்ணை மாற்ற மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. பெட்டிக்குள் தட்டச்சு செய்யலாம். ஸ்லைடரின் குமிழை நகர்த்தலாம். எண்ணின் மீதே மவுஸை அழுத்திப் பிடித்து இடமோ வலமோ இழுக்கலாம். மூன்றாவது வழியைத் தருவது இழுவை எண்பெட்டி. முப்பரிமாண வரைகலை, வீடியோ தொகுப்பு, கணினி விளையாட்டு உருவாக்கம் ஆகிய துறைகளின் மென்பொருள்களில் இது எங்கும் இருக்கிறது. காரணம் எளிது. எடுத்துக்காட்டாக, முப்பரிமாண வரைகலைக்கான பிளெண்டர் மென்பொருளில் ஒரு பொருளுக்கு இடம், சுழற்சி, அளவு என்று மூன்று பண்புகள். ஒவ்வொன்றுக்கும் எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று அச்சுகள். ஆக ஒன்பது எண்கள். ஒன்பது ஸ்லைடர்களுக்கு அந்தச் சிறிய பலகத்தில் இடமில்லை. மேலும், ஸ்லைடருக்கு இரண்டு முனைகள் வேண்டும். ஒரு பொருள் இருக்கும் இடத்துக்கு அப்படி முனை எதுவும் கிடையாது.

நிரல் எழுதுபவருக்கு இந்தப் பெட்டியை வரவழைப்பது கடினமல்ல. ஓமர் கோர்னூ 2014-இல் வெளியிட்ட டியர் இம்குய் நூலகத்தில் ஒரே வரி போதும். பெட்டியின் பெயர், மாற வேண்டிய மாறி, வேகம், கீழ் எல்லை, மேல் எல்லை, எண்ணைக் காட்டும் வடிவம் ஆகியவற்றை அந்த வரி கேட்கும். கடைசி நான்கையும் விட்டுவிட்டாலும் பெட்டி வேலை செய்யும். சிக்கல் தொடங்குவது அங்கேதான். இந்தப் பெட்டியின் தரம் பெரும்பாலும் அந்த நான்கு மதிப்புகளில் அடங்கியிருக்கிறது.

அவற்றில் முதன்மையானது வேகம். மவுஸ் ஒரு பிக்சல் நகர்ந்தால் எண் எவ்வளவு மாற வேண்டும் என்பதே வேகம். டியர் இம்குய் தானாக எடுத்துக்கொள்ளும் வேகம் 1. ஆயிரக்கணக்கான அலகுகள் பரந்த ஒரு காட்சியில் பொருளை நகர்த்த அது சரி. 0 முதல் 1 வரை மட்டுமே செல்லும் ஒளிபுகு அளவுக்கு அதே வேகம் இருந்தால், ஒரு பிக்சல் அசைவில் முழு வரம்பும் கடந்துவிடும்; இடையிலுள்ள எந்த மதிப்பையும் கையால் பிடிக்க முடியாது. வேகத்தை 0.005 ஆக்கினால் அதே வரம்பைக் கடக்க 200 பிக்சல் தேவைப்படும். மணிக்கட்டை மேசையில் ஊன்றியபடி செய்யக்கூடிய அசைவு அது. எல்லைகளைக் குறிப்பிட்டு வேகத்தை 0 என்று கொடுத்தால், வரம்பின் நூறில் ஒரு பங்கை அந்த நூலகமே வேகமாக வைத்துக்கொள்கிறது. தொடக்கத்துக்கு அது நல்ல மதிப்பு. ஆனால் ஒவ்வொரு எண்ணையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துத் திருத்துவதற்கு மாற்று இல்லை.

எவ்வளவு நல்ல வேகமானாலும் ஒன்றே ஒன்று போதாது. பெரிய தாவலும் நுண்ணிய திருத்தமும் ஒரே பெட்டியில் வேண்டும். டியர் இம்குயில் ஷிஃப்ட் விசையோடு இழுத்தால் வேகம் பத்து மடங்காகும். ஆல்ட் விசையோடு இழுத்தால் நூறில் ஒரு பங்காகக் குறையும். பிளெண்டரில் ஷிஃப்ட் நேர்மாறானது: நுண்ணிய திருத்தத்துக்குரியது. ஒரே விசைக்கு எதிரெதிர்ப் பொருள் என்பதால், புதிய கருவி செய்பவர் தம் பயனர்கள் நாள் முழுதும் எதில் வேலை செய்கிறார்களோ அதன் வழக்கத்தைப் பின்பற்றுவதே நியாயம். ஹௌடினி மென்பொருளின் தீர்வு இன்னும் அழகானது. மவுஸின் நடுப் பொத்தானை எண்ணின்மேல் அழுத்தினால் 100, 10, 1, 0.1, 0.01 என்று ஓர் ஏணி விரியும். மேலும் கீழும் நகர்ந்து படியைத் தேர்ந்து, பக்கவாட்டில் இழுத்து மதிப்பை மாற்றலாம். எந்த விசையையும் நினைவில் வைக்கத் தேவையில்லை.

அடுத்தது எல்லை. இதில் பிளெண்டர் காட்டும் முன்மாதிரி எல்லோரும் எடுத்துக்கொள்ளத் தக்கது. அதில் ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு வகை எல்லைகள் வைக்கலாம். இழுக்கும்போது மட்டும் தடுக்கும் மென்எல்லை ஒன்று. தட்டச்சு செய்தாலும் தாண்ட முடியாத வன்எல்லை மற்றொன்று. வடிவங்களை மழமழப்பாக்கும் சப்டிவிஷன் வசதியில் படிநிலையை இழுத்தால் 6 வரை போகும். எழுதினால் 11 வரை ஏற்கும். ஒவ்வொரு படியும் முகங்களை நான்கு மடங்காக்கும். ஆறு முகமுள்ள கனசதுரம் 6-ஆம் படியில் 24,576 முகங்களாகும்; 11-ஆம் படியில் இரண்டரைக் கோடியைத் தாண்டும். கை தவறி ஓர் இழுப்பு கூடுதலாகப் போனதால் கணினி உறைந்து நிற்கும் நிலையை மென்எல்லை தடுக்கிறது. தெரிந்தே கேட்பவருக்கு வழியையும் அது அடைப்பதில்லை.

டியர் இம்குயில் நிலைமை வேறு. அங்கே கொடுக்கும் எல்லைகள் இயல்பாக இழுப்புக்கு மட்டுமே பொருந்தும். கண்ட்ரோல் விசையோடு சொடுக்கி எண்ணை எழுதினால் எல்லை மீறிய மதிப்பும் உள்ளே போய்விடும். அதன் பின்னாலுள்ள கணக்கு அதைத் தாங்காது என்றால், எப்போதும் எல்லைக்குள் நிறுத்தும் அமைப்பைச் சேர்த்தே ஆக வேண்டும்.

காட்டும் வடிவம் வெறும் அலங்காரம் போலத் தோன்றும். உண்மையில் அது மதிப்பையே தொடுகிறது. தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் மட்டும் காட்டச் சொன்னால், டியர் இம்குய் சேமிக்கும் எண்ணையும் அதற்கேற்ப முழுமையாக்கும். பெட்டியைத் தாமே எழுதுபவர்கள் இங்கே அடிக்கடி இடறுகிறார்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் 0.01 கூட்டி, உடனே ஓர் இலக்கத்துக்கு முழுமையாக்கினால், கூட்டியது அத்தனையும் அழிந்து எண் அசையாமல் நிற்கும். இழுப்பு தொடங்கியபோது இருந்த மதிப்பையும் மவுஸ் கடந்த மொத்தத் தொலைவையும் வைத்துக் கணக்கிட்டு, முழுமையாக்குவதைக் கடைசியில் செய்ய வேண்டும்.

சில அளவுகளுக்குச் சீரான வேகமே பொருந்தாது. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி அதிர்வெண்ணில் ஒரு பிக்சலுக்கு 10 ஹெர்ட்ஸ் என்று வைத்தால், அடியில் ஒரு பிக்சல் பெரிய சுருதி மாற்றமாகக் கேட்கும். உச்சியில் காதுக்கே எட்டாது. மடக்கை அளவுகோலில் அந்த வரம்பு ஏறத்தாழ பத்து ஸ்தாயிகள். 500 பிக்சலில் அதைப் பரப்பினால் எங்கும் ஸ்தாயிக்கு 50 பிக்சல் என்று சமமாக அமையும். கோணங்களுக்கோ எல்லையே வேண்டாம். 360-ஐத் தாண்டினால் 0-க்குத் திரும்பினால் போதும்.

இழுப்பின் தொடக்கமும் முடிவும் கவனிக்கப்பட வேண்டியவை. சில பிக்சல் நகர்ந்த பிறகே அதை இழுப்பாகக் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எழுதுவதற்காகச் சொடுக்குபவரின் எண் தானாக மாறிப்போகும். மவுஸ் திரையின் ஓரத்தை முட்டினாலும் இழுப்பு தொடர வேண்டும். இணையப் பக்கங்களில் பாயிண்டர் லாக் வசதி இதற்கு உதவும். தொடுதிரையில் கிடைமட்ட அசைவு எண்ணுக்கும் செங்குத்து அசைவு பக்கத்தை நகர்த்துவதற்கும் என்று பிரித்துவிட வேண்டும். இழுப்பின் நடுவே எஸ்கேப் அழுத்தினால் பழைய மதிப்பு திரும்ப வேண்டும். ஓர் இழுப்பில் நூறு மதிப்புகள் மாறினாலும் அன்டூ வரலாற்றில் அது ஒரே பதிவாக இருக்க வேண்டும்.

கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் கீபோர்டை மட்டும் பயன்படுத்துபவர்களுக்கும் இழுப்பு ஒரு தடை. 2023 அக்டோபரில் வெளியான இணைய அணுகல் வழிகாட்டி 2.2, இழுத்தே தீர வேண்டியவை தவிர, இழுத்துச் செய்யும் எதையும் சுட்டியால் இழுக்காமலும் செய்ய முடிய வேண்டும் என்கிறது. நேரடித் தட்டச்சு அந்த வழியைத் தருகிறது; கீபோர்டை மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு அம்புக்குறி விசைகளும் உதவும். டியர் இம்குயில் தட்டச்சை முற்றிலும் நிறுத்தும் ஓர் அமைப்பும் உண்டு. மிகத் தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலொழிய அதைப் பயன்படுத்தக் கூடாது.