சந்தையில் உலவும் பேச்சும் முதலீட்டு முடிவும்: எங்கள் நிலைப்பாடு

“நாடு வளர்கிறது, சந்தையும் ஏறியே தீரும்.” “நீண்ட காலம் வைத்திருந்தால் நஷ்டமே வராது.” “இனி இந்தத் துறைக்குத்தான் எதிர்காலம்.” தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓயாமல் ஒலிக்கும் இத்தகைய பேச்சை நம்பிப் பலர் சேமிப்பைப் பங்குச் சந்தையில் போடுகிறார்கள். சிறு முதலீட்டாளர் நலனுக்காக இயங்கும் எங்கள் அமைப்பு இதில் தன் நிலைப்பாட்டைத் தெரிவிக்கிறது.

எல்லோரும் சொல்கிறார்கள் என்பது முதலீட்டுக்குக் காரணம் ஆகாது. சொல்வது உண்மையாகவே இருந்தாலும், அதற்கு நாம் கொடுக்கும் விலை நியாயமானதா என்று தெரியாமல் பணம் போடக் கூடாது.

ரிலையன்ஸ் பவர் நிறுவனத்தின் பங்கு வெளியீட்டை எடுத்துக்கொள்வோம். 2008 ஜனவரியில் அது சந்தைக்கு வந்தபோது, இந்தியாவுக்கு மின்சாரம் பெருமளவில் தேவைப்படும் என்பதே எங்கும் பேச்சு. அந்நிறுவனத்துக்கு அப்போது மின் உற்பத்தி செய்யும் நிலையம் ஒன்றுகூட இல்லை, இருந்தவை திட்டங்கள்தாம். ஆனாலும் 70 மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. சிறு முதலீட்டாளருக்கு ஒரு பங்கு 430 ரூபாய். பட்டியலான முதல் நாளே, பிப்ரவரி 11 அன்று, விலை 372.50 ரூபாயில் முடிந்தது. பிறகு போனஸ் பங்குகள் தரப்பட்டும் இழப்பு மீளவில்லை. 2020இல் அந்தப் பங்கு ஒற்றை இலக்க விலைக்கு விற்றது. இதற்கிடையே நாட்டின் மின் உற்பத்தித் திறனோ 2008இல் இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியிருந்தது. மின்சாரம் பற்றிய கணிப்பு பலித்தது. அதை நம்பி அந்தப் பங்கை வாங்கியவர் பணத்தை இழந்தார்.

பொறுமையும் தானாகக் காப்பாற்றாது. ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு 1989 டிசம்பர் இறுதியில் தொட்ட உச்சத்தை 2024 பிப்ரவரியில்தான் தாண்டியது. டிவிடெண்டை விட்டுவிட்டுப் பார்த்தால், உச்ச விலையில் வாங்கியவருக்குப் போட்ட முதல் திரும்பக் கிடைக்க 34 ஆண்டுகள் ஆயின.

எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்த வணிகத்தில் தினமும் சம்பாதிக்கலாம் என்ற பேச்சு இவற்றிலும் ஆபத்தானது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் ஆய்வே கூறுகிறது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். லாபம் பார்த்தவரின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் குழுக்களில் சுற்றுகிறது. மற்றவர்கள் வீட்டில்கூடச் சொல்வதில்லை.

ஆகவே, வாங்கும் முன் ஒவ்வொருவரும் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் விடை காண வேண்டும் என்கிறோம்:

1. இதைச் சொல்பவருக்கு இதில் என்ன ஆதாயம்?
2. இந்த நல்ல செய்தி ஏற்கெனவே விலையில் ஏறிவிட்டதா? லாபத்தைப்போல் எத்தனை மடங்கு விலை கொடுக்கிறேன்?
3. எது நடந்தால் என் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொள்வேன்?
4. போட்ட பணம் பாதியானால் குடும்பச் செலவும் பிள்ளைகள் படிப்பும் பாதிக்குமா?

பங்கு ஆலோசனை சொல்பவர்கள் தங்கள் செபி பதிவு எண்ணையும், அந்தப் பங்கில் தங்களுக்கு உள்ள முதலீட்டையும் முதலிலேயே அறிவிக்க வேண்டும். ஊடகங்கள் பலித்த கணிப்புகளோடு பொய்த்தவற்றையும் வெளியிட வேண்டும். புதிய பங்கு வெளியீடுகளின் இடர் விவரங்கள் எளிய தமிழில் கிடைக்க செபி வழிசெய்ய வேண்டும்.

பங்குச் சந்தையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் செய்யும் முதலீட்டை முழு மனதோடு ஆதரிக்கிறோம். இந்த நான்கு கேள்விகளில் ஒன்றுக்கேனும் விடை தெரியாவிட்டால், பணத்தை வங்கியிலேயே விட்டுவையுங்கள். காத்திருந்ததால் கைநழுவும் லாபத்தைவிட, அவசரத்தில் தொலையும் சேமிப்பு பெரிது.