கிளாத்தி பழகிவிடும் என்னும் நம்பிக்கை

கடல்நீர்த் தொட்டிகளில் மீன் வளர்ப்போரிடையே டிரிகர் மீனைக் குறித்து இரட்டை நம்பிக்கை ஒன்று நெடுங்காலமாக நிலவிவருகிறது. கட்டைவிரல் அளவுக் குஞ்சாக வாங்கி மற்ற மீன்களோடு சேர்த்தே வளர்த்தால் அது அவற்றோடு பழகிச் சாதுவாகிவிடும் என்பது அதன் ஒரு பாதி. தொட்டி சிறிதாக இருந்தால் மீனும் அதற்கேற்பச் சிறுத்தே நின்றுவிடும் என்பது மறுபாதி. விற்பவர் சொல்ல, வாங்குபவர் நம்ப, வாங்கியவர் அடுத்தவருக்குச் சொல்ல என்று பரவிவரும் இந்த நம்பிக்கையின் இரு பாதிகளும் பொய்யானவை. அந்தப் பொய்யால் துன்பப்படுவதும் அதை நம்பியவர் அல்லர், மீன்தான் என்பதால் இது வெறும் அறியாமை என்று விட்டுவிடத் தக்கதன்று.

பலிஸ்டிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ 40 இனங்களை உடைய இம்மீன்களைத் தமிழக மீனவர்கள் கிளாத்தி என்பர். முதுகின் முதல் முள் நிமிரும்போது அதன் பின்னுள்ள சிறிய இரண்டாம் முள் அதைத் தாங்கிப் பூட்டிவிடுவதாலும், அந்த இரண்டாம் முள்ளை அழுத்தினாலன்றி முதல் முள் மடங்காது என்பதாலும், துப்பாக்கி விசையை ஒத்த இவ்வமைப்பைக் கொண்டே இதற்கு டிரிகர் என்று பெயர் வந்தது. ஆபத்து நேரும்போதும் இரவில் ஓய்வெடுக்கும்போதும் பாறை இடுக்கில் புகுந்து முள்ளை நிமிர்த்தி உடலை இறுக்கிக்கொள்ளும் மீனை எதிரியால் வெளியே இழுக்க முடிவதில்லை.

இதன் மூர்க்கம் என்று சொல்லப்படுவதைப் புரிந்துகொள்ள, முதலில் அதன் வாயைப் பார்க்க வேண்டும். இரு தாடைகளிலும் வெளிவரிசையில் எட்டெட்டு வலிய உளிப்பற்களும், மேல்தாடையில் அவற்றுக்குப் பின் மேலும் ஆறு பற்களும் பெரும்பாலான இனங்களுக்கு உண்டு. நண்டின் ஓட்டையும் சிப்பியையும் சங்கையும் உடைப்பதற்கென்றே அமைந்த கருவி அது. உடலெங்கும் ஊசிகள் சிலிர்த்து நிற்கும் உருண்டை உயிரியாகிய கடல் முள்ளெலியைக்கூட, வாயிலிருந்து நீரைப் பீய்ச்சிப் புரட்டிப்போட்டு, முட்கள் குறைந்த அடிப்பகுதியைக் கடித்துத் திறந்து தின்னும் திறம் இக்குடும்பத்துக்கு உண்டென்பதைச் செங்கடலில் ஆராய்ந்த ஜெர்மானிய விலங்கியலர் ஹான்ஸ் ஃபிரிக்கே விவரித்திருக்கிறார். கண்கள் வாயிலிருந்து வெகுதூரம் பின்தள்ளித் தலையின் உச்சியருகே அமைந்திருப்பது, முட்களிடையே வாயை நீட்டும் இத்தொழிலுக்குப் பெரிதும் உதவுகிறது. கென்யக் கடற்கரையின் பவளப் பாறைகளில் டிம் மெக்ளனஹன் நடத்திய ஆய்வுகளோ, ஆரஞ்சு வரிகளை உடைய பலிஸ்டாபஸ் அண்டுலாட்டஸ் என்னும் கிளாத்தியே அங்கு முள்ளெலிகளின் முதன்மையான எதிரி என்றும், மிகையான மீன்பிடிப்பால் அது அருகிய பாறைகளில் முள்ளெலிகள் பெருகிப் பவளத்தை அரித்துவிடுகின்றன என்றும் காட்டின. கடலில் பவளப் பாறையைக் காத்துநிற்கும் இதே இனத்தைத்தான் மீன் வளர்ப்போர் தொட்டி மீன்களுள் மிகக் கொடியது என்று வைகிறார்கள். உடைப்பதற்கு ஒன்றுமில்லாத கண்ணாடிச் சுவர்களுக்குள், உறைய வைத்த இறால் துண்டுகளை மட்டும் பெற்றுவரும் அந்தத் தாடை, கல்லைப் புரட்டுவதும் மோட்டாரின் கம்பியைக் கடிப்பதும் பக்கத்து மீனின் துடுப்பைக் கிழிப்பதும் குணக்கேடு ஆகா. தொழில் மறுக்கப்பட்ட உடல் தன் தொழிலைத் தேடுவதே அது.

இடம் காக்கும் இயல்பும் இத்தகையதே. பல இனங்களில் ஓர் ஆண் தனக்கென எல்லை வகுத்துக்கொள்ள, அதற்குள் சில பெண் மீன்கள் வாழ்கின்றன. மணலில் குழி பறித்து இடப்படும் முட்டைகள் பொரியும்வரை காவல் நடக்கிறது. 75 சென்டிமீட்டர் வரை வளரும் டைட்டன் டிரிகர், கூட்டுக்கு மேலே மேற்பரப்பை நோக்கி விரியும் கூம்பு வடிவ நீர்ப்பரப்பு முழுவதையும் தனதெனக் கொண்டு, அங்கு நுழையும் முக்குளிப்பவரையும் துரத்திக் கடிக்கிறது. அதனால்தான் தப்ப வேண்டுமானால் மேலே எழாமல் பக்கவாட்டில் நீந்திச் செல்லுமாறு முக்குளிப்போருக்குச் சொல்லித்தருகிறார்கள். கடலில் எல்லை மீறிய மீன் ஓடிவிடலாம், துரத்திய மீனும் எல்லையோடு நின்றுவிடும். தொட்டியிலோ துரத்துவதற்கு எல்லை உண்டு, ஓடுவதற்கு இடமில்லை. ஆகவே கடலில் சில நொடிகளில் முடியும் சச்சரவு தொட்டியில் சாவில் முடிகிறது.

நம்பிக்கைக்குச் சான்றாக எப்போதும் காட்டப்படுவது, குஞ்சுப் பருவத்திலிருந்து ஈராண்டு மூவாண்டு அமைதியாக வளர்ந்த மீன் ஒன்றின் கதை. அந்தக் கதை மெய்யாகவே இருக்கலாம். அதிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் தவறு. கருமையான உடலில் பெரிய வெண்புள்ளிகளோடு அழகுமீன் கடைகளில் கண்ணைப் பறிக்கும் க்ளௌன் டிரிகரின் குஞ்சு, பெரிய மீன்களுக்கு இரையாகக்கூடிய வயதில் இருப்பதால் இடுக்குகளை ஒட்டி ஒதுங்கியே வாழ்கிறது. அந்த ஒதுக்கத்தை நட்பென்று கொள்வது பார்ப்பவரின் விருப்பமே. உடல் பெருத்து இடம் காக்கும் பருவம் வந்ததும், அதுவரை உடன் வளர்ந்த மீன்களையே ஓரிரவில் கொன்றுவிட்டது என்று அதே வளர்ப்போர் வியக்கிறார்கள். ஈராண்டுப் பழக்கம் எதையும் மாற்றவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஒரே இனத்துக்குள்ளும் மீனுக்கு மீன் குணம் வேறுபடும் என்பது உண்மைதான். ஆனால் எந்தக் குஞ்சு எப்படி மாறும் என்பதை வாங்கும்போது எவராலும் சொல்ல முடியாது என்பதால், அந்த வேறுபாடு எச்சரிக்கைக்குத்தான் காரணமாகுமேயன்றி நம்பிக்கைக்கு ஆகாது. உணவிடுபவரை அடையாளம் கண்டு கையருகே வந்து உண்பதும் இம்மீன்களின் கூர்மையான கற்கும் திறனைக் காட்டுகிறதே தவிர, சாந்தத்தைக் காட்டவில்லை.

தொட்டிக்கேற்பச் சிறுக்கும் என்பதற்கு ஓர் எளிய கணக்கே போதும். நாலடித் தொட்டி என்று விற்கப்படுவது ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் உயரமும் உடையதானால், அது கொள்ளும் நீர் சுமார் 324 லிட்டர். க்ளௌன் டிரிகரோ 50 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது, அதாவது தொட்டியின் அகலத்தைவிட நீளமானது. இத்தகைய இடத்தில் சில மீன்கள் வளராமல் நின்றுபோவதும் உண்டு. ஆனால் இறைச்சி தின்னும் பெரிய மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியா, பாக்டீரியாக்களால் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றப்பட்டுத் தேங்கும் நீரில், இடநெருக்கடியின் ஓயாத அழுத்தமும் சேர்ந்து வளர்ச்சியைக் கெடுப்பதற்கு இசைவாக்கம் என்று பெயரிடுவது கொடுமையை மறைப்பதாகும். அது நோய், வேறொன்றுமில்லை.

இக்குடும்பம் முழுவதையும் வீட்டுத் தொட்டியிலிருந்து விலக்க வேண்டுமென்பதில்லை. நீரில் மிதந்துவரும் நுண்ணுயிரிகளாகிய மிதவைகளை உண்டு வாழும் ஸாந்திக்திஸ் இனங்களும், சிவந்த பற்களை உடைய நைஜர் டிரிகரும் ஒப்பளவில் அமைதியானவை. நாலடித் தொட்டியைவிடப் பன்மடங்கு பெரிய தொட்டியும் வலிமையான வடிகட்டியும் அமைக்க வல்லவர் அவற்றை வளர்ப்பதில் குறை காண்பதற்கில்லை, இறாலையும் சங்கையும் அவற்றோடு சேர்க்காதவரை. க்ளௌன், குயின், டைட்டன், அண்டுலேட்டட் ஆகியவற்றின் நிலை வேறு: அவற்றுள் ஒன்றை வளர்ப்பதென்றால், ஒரு பெரிய தொட்டியையே பத்தாண்டுக்கு மேலும் அந்த ஒற்றை மீனுக்கு விட்டுக்கொடுப்பது என்று பொருள். வளர்ந்த மீனைத் திரும்ப வாங்கக் கடைக்காரர் தயங்குகிறார். கடலில் விட்டுவிடலாம் என்ற எண்ணமோ அதனினும் தீது. 1985இல் ஃபுளோரிடா அருகே முதன்முதலில் காணப்பட்ட, தொட்டிகளிலிருந்து விடப்பட்டதாகக் கருதப்படும் இந்தோ-பசிபிக் லயன் மீன், இன்று கரீபியக் கடல் முழுவதும் பரவி அங்குள்ள சிறு மீன்களைத் தின்று குறைத்துவருகிறது. கடைக்காரர் குஞ்சின் விலையை எழுதும் அதே சீட்டில் வளர்ந்த மீனின் நீளத்தையும் எழுதி ஒட்ட வேண்டும். 50 சென்டிமீட்டர் என்பதைப் படித்த பின்னும் நாலடித் தொட்டிக்காக அதைக் கேட்பவருக்கு அவர் விற்க மறுக்க வேண்டும்.