சுறா தோல் டெக்னிக்: விமானத்துக்கு ஓகே... பழவேற்காடு படகுக்கு கைகொடுக்குமா?

பழவேற்காடு ஏரியை நம்பியிருக்கும் ஆரம்பாக்கம் பகுதி மீனவ கிராமங்களில், ஃபைபர் படகு வைத்திருப்பவர்களுக்கு எரிபொருள் ஒரு பெரிய செலவு. படகின் அடிப்பக்கம் தண்ணீரோடு உரசுவது கூடினால், எஞ்சின் குடிக்கும் எண்ணெயும் கூடும். இந்த உராய்வைக் குறைக்க விஞ்ஞானிகள் காப்பியடிப்பது, மீனவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சுறாவைத்தான்!

சுறா தோலில் என்ன ஸ்பெஷல்?

தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் வழுக்கும். திருப்பித் தடவினால் உப்புத்தாள் மாதிரி கீறும். தோல் முழுக்க பல் போன்ற நுண்ணிய செதில்கள் இருப்பதே காரணம். வேகமாக நீந்தும் சுறாக்களில், இந்தச் செதில்கள் மேல் நீளவாக்கில் வரி வரியாக பள்ளங்களும் உண்டு.

வழவழப்பாக இருந்தால்தானே உராய்வு குறையும்? எப்போதும் அப்படி இல்லை. வேகமாகச் செல்லும்போது உடலை ஒட்டி நீரில் குட்டிக் குட்டி சுழல்கள் உருவாகும். பள்ளம் குறுகலாக இருந்தால் சுழல் உள்ளே இறங்காது; மேட்டின் நுனியை மட்டும் உரசிச் செல்லும். ஆய்வகங்களில் இப்படி அதிகபட்சம் சுமார் 10% உராய்வு குறைந்திருக்கிறது.

எங்கே பயன்படுகிறது?

1987 அமெரிக்கா கோப்பையை வென்ற 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' பாய்மரப் படகின் அடியில் இப்படி வரிபோட்ட ஃபிலிம் ஒட்டப்பட்டிருந்தது. 2022 முதல் ஸ்விஸ் நிறுவனத்தின் போயிங் 777 விமானங்களிலும் ஒட்டப்படுகிறது. வரிகளின் உயரம் சுமார் 50 மைக்ரோமீட்டர்தான். மிச்சமாகும் எரிபொருள் சுமார் 1%.

மீன்பிடி படகில் என்ன சிக்கல்?

* வேகத்துக்கு ஏற்ப பள்ளத்தின் அளவும் மாற வேண்டும். நின்று, நகர்ந்து, வேகமெடுக்கும் படகுக்கு ஒரே அளவு சரிப்படாது.
* கரையில் மணலில் இழுத்தால் வரிகள் தேய்ந்துவிடும்.
* முக்கிய வில்லன், பாசியும் 'கொட்டலசு' எனப்படும் ஓட்டு உயிர்களும். பள்ளம் அடைத்தால் பலன் போச்சு. இவை கனமாகப் படிந்தால் போர்க்கப்பலுக்கே 86% வரை கூடுதல் சக்தி தேவைப்படலாம் என்கிறது 2007-ல் வெளியான அமெரிக்க ஆய்வு.

விஷ பெயின்ட் அடித்தால்?

முன்பு கப்பல்களுக்கு டிரைபியூட்டைல்டின் கலந்த பெயின்ட் அடித்தார்கள். அது பிரான்ஸில் சிப்பி வளர்ப்பையே நாசமாக்கியது. 2008-ல் உலக அளவில் தடை வந்தது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் ஏரிக்கு இந்தப் பாடம் ரொம்ப முக்கியம்.

சுறாவிடம் இன்னொரு வித்தை

சுறா மேல் பாசி அதிகம் படிவதில்லை. இதைக் கவனித்த புளோரிடா பல்கலைக்கழக பேராசிரியர் ஆண்டனி பிரென்னன், அதே மாதிரி நுண்வரிகள் கொண்ட பரப்பை உருவாக்கினார். ஆய்வகத்தில் ஒரு வகை பாசியின் வித்துகள் ஒட்டுவது சுமார் 85% குறைந்தது, அதுவும் விஷமே இல்லாமல். ஆனால், கடலில் ஒட்டும் உயிர்கள் பல வகை, பல அளவு. ஒரே வரி எல்லாவற்றையும் தடுக்காது.

ஆக, மீனவர்களுக்கு சுறாவிடமிருந்து கிடைக்க வேண்டியது 10% உராய்வுக் கணக்கு அல்ல. பாசி ஒட்டாத, விஷமில்லாத, மணலில் தேயாத, கைக்கு எட்டும் விலையில் ஒரு பூச்சு. அது வரும்வரை, படகைக் கரையேற்றி அடிப்பக்கத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வதுதான் எண்ணெய்ச் செலவைக் குறைக்கும் நம்பகமான வழி.