கோட்லாவில் ஈ ஓட்டினோம்

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் காட்டமான பதிவு. டில்லி, நொய்டா, குர்காவ் என்று இந்தப் பக்கம் குப்பை கொட்டிக்கிட்டிருக்கிற நம்ம மக்களைத்தான் திட்டப் போறேன். என்னையும் சேர்த்துத்தான்.

2024 அக்டோபர் 24. புனே டெஸ்டில் நியூஸிலாந்துக்கு எதிரா வாஷிங்டன் சுந்தர் 59 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். அன்னிக்கு சாயங்காலம் என் செல்போன் சூடாகிப் போச்சு. அபார்ட்மெண்ட் தமிழ்க் குழு, ஆபீஸ் தமிழ்க் குழு, ஊர்க்காரங்க குழு, எல்லாத்திலயும் ஒரே பாட்டு. "நம்ம பையன்டா!" "சென்னைன்னா சும்மாவா!" ஒருத்தர் புனேல இருக்கிற தன் தம்பிக்கு ஃபோன் போட்டு "நேர்ல போய்ப் பார்த்தியா இல்லையா" என்று சத்தம் போட்டதாகப் பெருமையா எழுதியிருந்தார்.

அதுக்கு அஞ்சே நாள் முன்னாடி, இதே வாஷிங்டன், அந்த அண்ணாச்சி வீட்லேர்ந்து ஒரே ஒரு மெட்ரோ மாறினா போய்ச் சேரக்கூடிய மைதானத்துல 152 அடிச்சிருந்தார். அதுவும் ஓசில பார்க்கலாம். அண்ணாச்சி போகலை. யாருமே போகலைன்னு சொன்னாலும் பெரிய பொய்யாகாது.

விவரம் இதுதான். ரஞ்சி சீசனோட ரெண்டாவது சுற்று, டில்லி - தமிழ்நாடு, அக்டோபர் 18 முதல் 21 வரை, அருண் ஜெட்லி மைதானம். (2019ல பேர் மாத்தினாங்க. எனக்கு இன்னமும் கோட்லாதான்.) முதல் நாள் முடியும்போது தமிழ்நாடு ஒரு விக்கெட்டுக்கு 379. சாய் சுதர்சன் 202 நாட் அவுட், வாஷிங்டன் 96 நாட் அவுட். மறுநாள் சாய் 213ல அவுட், வாஷிங்டன் 152. மொத்தம் 6 விக்கெட்டுக்கு 674 அடிச்சுட்டு டிக்ளேர். தமிழ்நாட்டு ஆட்டக்காரங்க டில்லிக்கு வந்து இப்படி ஒரு ஸ்கோர் போடறது வருஷா வருஷம் நடக்கிற சமாச்சாரமா?

நானும் வெள்ளிக்கிழமை போகலை. ஆபீஸ். அதனால இரட்டைச் சதத்தைத் தவற விட்டேன், அந்தப் பாவம் எனக்கும் உண்டு. சனிக்கிழமை காலையில சின்னவனைக் கூட்டிக்கிட்டு டில்லி கேட் மெட்ரோவுல இறங்கினேன். தங்கமணி புளியோதரை கட்டிக் கொடுத்து, "யாருமில்லாத இடத்துக்கு எதுக்குப் போறீங்க ரெண்டு பேரும்" என்று வழியனுப்பி வெச்சா.

சொன்ன மாதிரியே யாருமில்லை. கேலரியில கிரிக்கெட் அகாடமிப் பசங்க ஒரு வரிசை, குல்லா போட்ட பெரியவங்க நாலைஞ்சு பேர், ஆட்டக்காரங்களோட உறவுக்காரங்க மாதிரி ஒரு சின்னக் கும்பல். சின்னவன் எண்ண ஆரம்பிச்சான். கொஞ்ச நேரத்துல "போலீஸ்காரங்களையும் சேர்த்துக்கலாமா?" என்று கேட்டான். வாஷிங்டனுக்கு நாலு ரன் வேணும். எடுத்தார். பேட்டைத் தூக்கிக் காட்டினார். பால்கனியிலேர்ந்து அவங்க ஆளுங்க தட்டினாங்க, இந்தப் பக்கம் நான் தட்டினேன். ரெண்டு சத்தமும் தனித்தனியா கேட்டுச்சு, அவ்வளவுதான். இந்தியாவுக்கு ஆடற ஒருத்தர், சதம், நாட்டோட தலைநகரம், சனிக்கிழமை. கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளை வீட்டார் வர்றதுக்கு முன்னாடி சேர் போட்டு வெச்சிருப்பாங்களே, அப்படி இருந்துச்சு கேலரி.

நம்ம மக்கள்கிட்ட அப்புறம் கேட்டுப் பார்த்தேன். வெயில் என்றார் ஒருத்தர். அக்டோபர் மூணாவது வாரம், டில்லியில ஃபேனைக் குறைக்கிற சமயம். லீவு இல்லை என்றார் இன்னொருத்தர். ஐயா, நாலு நாள்ல ரெண்டு நாள் சனியும் ஞாயிறும். தீபாவளிக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல இருந்துச்சு, ஆனாலும் சரோஜினி நகர் மார்க்கெட்ல நெரிசல் தாங்கலைன்னு அவரே அடுத்த வரியில எழுதினார். பெங்களூர் டெஸ்ட் டிவியில ஓடுச்சே என்றார் மூணாவது ஆள். அதுல 17ஆம் தேதி நாம 46க்கு ஆல் அவுட் ஆன அழகைப் பார்த்ததுக்கு அப்புறமுமா?

இதுல எனக்கு ரொம்ப எரிச்சல் தர்றது ஒரே வசனம்தான். "ரஞ்சிக்கெல்லாம் யார் சார் வருவா? காலம் மாறிப் போச்சு. நாலு நாள் உட்கார்ந்து பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கு?" டிவியில பேசறவங்களும் இதையே சொல்றாங்க, டீக்கடையிலயும் இதையே சொல்றாங்க.

சரி, மூணு மாசம் தள்ளி வாங்க. 2025 ஜனவரி 30, வியாழக்கிழமை. அதே கோட்லா, அதே ரஞ்சி, டில்லி - ரயில்வே. பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் விராட் கோலி ரஞ்சி ஆட வர்றார். விடியறதுக்கு முன்னாடியே வரிசை. பதினஞ்சாயிரம் பேருக்கு மேல உள்ள போனாங்க, கேட்ல தள்ளுமுள்ளு, செருப்பெல்லாம் வெளிய சிதறிக் கிடந்துச்சு. டில்லி ஜனவரிக் குளிர் தெரியும்ல? வேலை நாள் வேற. அதுலயும் வேடிக்கை, முதல் நாள் கோலி பேட்டே பிடிக்கலை. டில்லி ஃபீல்டிங். அவர் சும்மா நிக்கிறதைப் பார்க்க அத்தனை பேர் சாயங்காலம் வரைக்கும் கத்திக்கிட்டிருந்தாங்க. ரெண்டாம் நாள் ஹிமான்ஷு சங்வான் ஆஃப் ஸ்டம்பைப் பிடுங்கினார். கோலி 6. கேலரி அப்படியே எழுந்து வீட்டுக்குப் போச்சு.

"பார்த்தியா, ஸ்டார் இருந்தாத்தான் கூட்டம்" என்பீங்க. நான் அதை வேற மாதிரி பார்க்கிறேன். தூரம், குளிர், லீவு இல்லை, பொறுமை இல்லை, இத்தனை சாக்கும் அந்த ஒரு வியாழக்கிழமையில பொய்யாகிப் போச்சு. மக்களால வர முடியும், நாள் முழுக்க உட்காரவும் முடியும். வரணும்னு அவங்களுக்கு யாராவது சொல்லணும். ஜனவரியில ஒரு வாரம் டிவி, பேப்பர், செல்போன் எல்லாம் சேர்ந்து வாங்க வாங்கன்னு கூப்பிட்டுச்சு. அக்டோபர்ல யார் கூப்பிட்டாங்க? மேட்ச் நடக்குதுன்னே என் ஆபீஸ்ல கிரிக்கெட் பைத்தியம்னு சொல்லிக்கிறவனுக்குத் தெரியலை.

ஏன் கூப்பிடலை? காலி சேரால யாருக்கும் நஷ்டம் இல்லை, அதான். ஐபிஎல் ஒளிபரப்பு உரிமையை 2023லேர்ந்து 2027 வரை அஞ்சு வருஷத்துக்கு 48,390 கோடிக்கு வித்தாச்சு. வாரியத்துக்கு வர்ற பணத்துல மாநிலச் சங்கங்களுக்குப் பங்கு போகுது. ரஞ்சி கேட்ல ஒரு பைசா வசூல் கிடையாது. அப்ப பத்து பேர் வந்தா என்ன, பத்தாயிரம் பேர் வந்தா என்ன? சொல்லப் போனா பத்தாயிரம் பேர் வந்தா தொல்லைதான். தண்ணி வைக்கணும், கக்கூஸ் கழுவணும், போலீஸ் போடணும்.

இதை நான் அனுபவிச்சிருக்கேன். டில்லிக்கு முன்னாடி வடக்கே வேற ஒரு ஊர்ல இருந்தேன், பேர் வேண்டாம். அங்க ஒரு ரஞ்சி மேட்ச் பார்க்கப் போனா மெயின் கேட்ல பூட்டு. சுத்தி வந்து இன்னொரு கேட்ல இருந்த காவலாளியைக் கேட்டேன். "யாரைப் பார்க்கணும்?" என்றார். மேட்ச் பார்க்கணும் என்றேன். என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "உங்க பையன் ஆடறானா?" என்று கேட்டார். இல்லைன்னு சொன்னதும் அவருக்குச் சந்தேகம் வந்துடுச்சு. பையைக் கொட்டிப் பார்த்து, தண்ணி பாட்டிலைப் பிடுங்கி வெச்சுக்கிட்டுத்தான் விட்டார். உள்ள குடிக்கத் தண்ணி இல்லை. ஸ்கோர்போர்டு ஓடலை. மத்தியானம் எனக்குப் பக்கத்துல வந்து உட்கார்ந்த நாய்க்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லலை.

அமெரிக்கால மத்திய மேற்குப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்துல என் மச்சினன் பொண்ணு படிக்கிறா. அங்க காலேஜ் பாஸ்கெட்பால்னா உயிர். சீசன் நவம்பர்ல ஆரம்பம். முதல் சில வாரம் பெரிய காலேஜுங்க, சின்னக் காலேஜுங்களைப் பணம் கொடுத்துக் கூப்பிட்டுத் தங்க மைதானத்துல தோற்கடிச்சு அனுப்புவாங்களாம். அந்த மேட்சுக்கெல்லாம் மாணவர் கேலரி பாதி காலின்னு அவளுக்கு ஒரே வருத்தம். பரீட்சை, குளிர், நன்றி நவிலல் லீவு, அப்புறம் "ஜனவரியில நிஜ எதிரி வரும்போது பார்த்துக்கலாம்" என்கிற மெத்தனம். கேட்டப்ப எனக்குச் சிரிப்பு. அம்மா, எங்க ஊர்ல பாதி நிறைஞ்சா அதுக்குத் திருவிழான்னு பேர்.

ஆனா அங்க அதுக்குக் கவலைப்பட ஆள் இருக்கு. டி-ஷர்ட் கொடுக்கிறாங்க, பீட்ஸா கொடுக்கிறாங்க. பல காலேஜ்ல ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. நவம்பர்ல சப்பை மேட்சுக்கு வந்தவனுக்குப் புள்ளி. அந்தப் புள்ளி இருந்தாத்தான் பெரிய மேட்ச் டிக்கெட்டுக்கு முன்வரிசை. இதை நம்ம ஊர்ல செய்ய என்ன கஷ்டம்? அக்டோபர்ல ரஞ்சிக்கு ரெண்டு நாள் வந்து உட்கார்ந்தவனுக்கு, அதே மைதானத்துல நடக்கிற டெஸ்டுக்கோ ஐபிஎல்லுக்கோ மத்தவங்களுக்கு ஒரு நாள் முன்னாடி டிக்கெட் வாங்க உரிமைன்னு சொல்லிப் பாருங்க. அடுத்த சீசன்ல கேட்டுக்கு ரெண்டு காவலாளி பத்தாது. பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கடுதாசி போட்டாலே சனிக்கிழமை ரெண்டாயிரம் பசங்க வருவாங்க. முப்பதாயிரம் சேரையும் நிரப்பச் சொல்லி யாரும் கேட்கலை.

வாரியத்தை இவ்வளவு திட்டினது போதும். அவங்களுக்காவது பணம்னு ஒரு காரணம் இருக்கு. நமக்கு?

பிள்ளைங்களுக்குத் தமிழ் வரலை, ஊர்ப் பாசம் இல்லை, இந்தியிலயே கனவு காணுதுங்கன்னு நாம போடற புலம்பலுக்கு அளவே இல்லை. வாரா வாரம் தமிழ் வகுப்புக்குக் கட்டணம் கட்டறோம். பொங்கலுக்கு ஜிப்பா வாங்கறோம். ஞாயித்துக்கிழமை, அக்டோபர் 20, தமிழ்நாடு ஃபீல்டிங். காலி மைதானத்துல ஒரே ஒரு வசதி, உள்ள பேசறது வெளிய கேட்கும். விக்கெட் கீப்பரும் ஸ்லிப்பும் மிட் ஆஃபும் நாள் முழுக்கத் தமிழ்லயே கத்திக்கிட்டிருந்தாங்க. "சூப்பர்டா", "விடாத விடாத", "இன்னும் ஒண்ணுதான்". டில்லிக்கு நடுவுல, பச்சைப் புல்லுல, வெள்ளைச் சட்டை போட்ட பதினோரு அண்ணனுங்க. வீட்ல அம்மா திட்டினா மட்டும் தமிழ் கேட்கிற என் பையன், மத்தியானம் டீ இடைவேளைக்குள்ள "விடாத விடாத" என்று அவனே பக்கத்துல இருந்த அகாடமிப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சுட்டான். தமிழ் வகுப்பு மூணு வருஷத்துல செய்யாதது.

இதுக்கு நடுவுல ஒண்ணு சொன்னான். "அப்பா, என் டீம் டில்லி. உங்க டீம்தான் தமிழ்நாடு." கொஞ்சம் சுருக்குன்னு இருந்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா இங்க பிறந்தவன், இந்தக் காத்தையும் புகையையும் குடிச்சு வளர்றவன், அவனுக்கு இதுதானே சொந்த ஊரு? அவனோட சொந்த ஊர் அணி பக்கத்துல ஆடும்போதாவது வருஷத்துக்கு ரெண்டு நாள் கூட்டிக்கிட்டுப் போறது என் வேலை இல்லையா? தமிழ்நாடு ரஞ்சி ஜெயிச்சது 1955லயும் 1988லயும், ரெண்டே தடவை. டில்லி ஏழு தடவை. நான் அவனுக்குக் கொடுக்கிற சொத்து ஒண்ணும் பெரிசு இல்லை, அவன் தேர்ந்தெடுத்தது நல்ல சொத்துதான்.

சாய் சுதர்சன் ஒரு வருஷம் கழிச்சு, 2025 அக்டோபர் 10, இதே கோட்லாவுல வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரா டெஸ்ட்ல 87 அடிச்சார். அதுக்கு நம்ம குழுவுல எட்டு குடும்பம் டிக்கெட் எடுத்துப் போய், முகத்துல மூவர்ணம் பூசி, படமும் போட்டாங்க. "நம்ம பையன் சதத்தைத் தவற விட்டுட்டானே, நேர்ல பார்க்கக் கொடுத்து வைக்கலையே" என்று அண்ணாச்சி ரொம்ப வருத்தப்பட்டார். அவர்கிட்ட அந்த 213ஐப் பத்திச் சொன்னேன். "அப்படியா? எப்ப?" என்றார்.

அந்த ரஞ்சி மேட்ச் டிராவாச்சு. செவ்வாய்க்கிழமை பேப்பர்ல பார்த்துட்டு சின்னவன் குதிச்சான், டில்லி தப்பிச்சுடுச்சுன்னு. எனக்கு வயித்தெரிச்சல்.

ரஞ்சி அட்டவணை சீசனுக்கு முன்னாடியே வந்துடும். வந்ததும் எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டிடுவேன். டில்லி இங்க ஆடற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டில்லி கேட் மெட்ரோ வாசல்ல நிப்போம். தமிழ்நாடு வந்தாலும் சரி, சத்தீஸ்கர் வந்தாலும் சரி. புளியோதரை எங்க செலவு, பத்து பேருக்குத் தாங்கும். அண்ணாச்சி, உங்களையும்தான் சொல்றேன்.