கற்ற குரலும் கடற்கரைக் குரலும்

2016 ஆம் ஆண்டு பெப்ரவரி 4 ஆம் நாள் காலிமுகத்திடலில் நிகழ்ந்த சுதந்திர தின விழாவில், இலண்டன் அரச ஒபரா மாளிகையின் இளங்கலைஞர் திட்டத்திற் பயின்று பன்னாட்டு மேடைகள் கண்ட கிஷானி ஜயசிங்க, ‘தன்னோ புதுன்கே’ என்னும் சிங்களப் பாடலை ஒபரா முறையிற் பாடினார். நாட்டின் செவிக்கு ஒவ்வாத அந்நியக் குரல் என்று எள்ளல் எழுந்தது. (அதே விழாவில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டமை வேறு சிலருக்கு ஒவ்வவில்லை.)

அந்நியம் எனப்பட்டது எது? அப்பாடல் 1903 இல் ஜோன் டி சில்வா அரங்கேற்றிய ‘சிறிசங்கபோ’ என்ற நூர்த்தி நாடகத்தைச் சேர்ந்தது. அதற்கு இசையமைத்தவர் இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பெற்ற விசுவநாத் லௌஜி. நூர்த்தியோ பார்சி அரங்கின் வழி வந்தது. அதற்கு முன்னைய நாடகமவும் தமிழ்க் கத்தோலிக்கரின் நாட்டுக்கூத்திலிருந்து கிளைத்ததே. 1956 இல் சரச்சந்திர ‘மனமே’யைப் படைத்தது அந்த நாடகம மரபைக் கொண்டுதான். இரவல் வாங்கிய வீட்டார் இரவற் குரலைப் பழிப்பது விந்தையே.

இதைக் கண்டு நகைக்கும் தமிழறிஞர் தம் முற்றத்தையும் நோக்குதல் வேண்டும். ஒபராப் பாடகி ‘முறையாகப் பயின்றவர்’. கூத்துப் பாடுபவரோ ‘நாட்டுப்புறத்தார்’. இப்பாகுபாட்டை வகுத்தவர் எவர்? ஒலிவாங்கியின்றிப் பெருமண்டபத்தை நிறைப்பதே ஒபராக் குரலின் சிறப்பு என்பர். ஒலிவாங்கி வருமுன் திறந்த களரியில், மத்தளத்தை மேவி, விடியும்வரை தருவும் விருத்தமும் கொச்சகமும் பாடிய குரல் எதனிற் குறைந்தது? அண்ணாவியாரிடம் ஏட்டைப் பாடங்கேட்டு மாதக்கணக்கிற் பழகியதும் பயிற்சியன்றோ? உடப்பில் கரைவலை இழுக்கையில் அம்பா பாடும் தலைவன், அலையோசைக்கு மேலாகத் தன் அடியைக் கேட்கச் செய்கிறான். அவனது தாளம் பிழைத்தால் கயிறு பிடித்தோரின் இழுவை பிழைக்கும். எந்த இசைக்கல்லூரித் தேர்வு இத்துணைக் கடுமையானது?

பேராதனையிற் பேராசிரியர் வித்தியானந்தன் 1962 இல் ‘கர்ணன் போர்’ தொடங்கி ஆற்றிய பணி பெரிது. ஆயினும் அதனால் முதன்மையாக ஒளிபெற்றது மட்டக்களப்புக் கூத்து. புத்தளக் கரை அவ்வொளியின் விளிம்பிலேயே நின்றது. அக்கரையின் தெற்கே, சிலாபத்தை அண்டிய கத்தோலிக்க ஊர்கள் பலவற்றிற் பள்ளிமொழி சிங்களமாயிற்று. ஏட்டின் மொழி அறியாத பேரனுக்குப் பாட்டனின் பாடம் எவ்வாறு சென்றடையும்? அம்மொழி மாற்றத்தைக் குறித்து மேடைகளில் முழங்கியோர் பலர். அவ்வூர்களின் முதியோரிடம் ஒலிப்பதிவுக் கருவியுடன் சென்றோர் எத்தனை பேர்?

உடப்பிலே தமிழ் நிலைத்தது. ஆனால் உழவு இயந்திரத்தின் சுழலி கரைவலையை இழுக்கும் இடங்களில் அம்பாவின் தேவையே ஒழிகிறது. இயந்திரத்துக்குத் தாளம் வேண்டியதில்லை. பல்கலைக்கழக இசைத்துறைகள் அப்பாடகரை ‘தகவலாளி’ என்று அடிக்குறிப்பில் ஒதுக்குவதை விடுத்து, ஆசிரியராக அழைத்து ஊதியம் வழங்கலாம். ஒபராப் பாடகிக்கு அரச மாளிகை அளித்ததும் அதுவே: இருந்து பழக ஓர் இடமும், பழகுங்காலத்து உணவுக்கு வழியும்.